32 வரை எண்ணு: வேப்பம்பட்டு லோக்கலில் எழுதிய குறிப்புகள்

அக்கா மகளுக்கும் எனக்கும் காலையில் ஒரே லோக்கல். வேப்பம்பட்டில் சேர்ந்து ஏறுவோம். நான் அம்பத்தூரில் இறங்கிவிடுவேன், அவள் கல்லூரிக்காக மூர் மார்க்கெட் வரை போகவேண்டும். போன வாரம் என் இயர்போனில் ஒரு பக்கத்தை வாங்கிக் காதில் வைத்தாள். திருநின்றவூர் வருவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"என்ன மாமா, டும் டும் டும்னு ஒரே மாதிரி இருக்கு. இதுல என்னத்தக் கேக்கறீங்க?"

அப்போது எனக்குச் சரியான பதில் வாயில் வரவில்லை. அன்றிலிருந்து இந்த நோட்டில் எழுதி வருகிறேன், அவளுக்காகத்தான். எனக்குப் பிடித்த ஹவுஸ், எலக்ட்ரானிக் பாட்டுகள், அவற்றைக் கேட்கும் விதம், நடுநடுவே தோன்றியவை. எந்த வரிசையிலும் இல்லை.

*

முதலில் கணக்கு. ஹவுஸ் இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120-லிருந்து 130 அடி வரை ஓடும். ஒவ்வொரு அடியிலும் கிக் டிரம் விழும். நான்கு நான்காக எண்ணிக்கொண்டு போனால் எட்டு நான்கு 32. பெரும்பாலான பாட்டுகளில் 32 அடிக்கு ஒருமுறையாவது ஏதோ ஒன்று உள்ளே வரும், இல்லையென்றால் ஒன்று வெளியே போகும். கைதட்டல் சேரும். ஹை-ஹாட் (டிரம்செட்டின் ஜோடித் தாளம்) திறக்கும். பேஸ் இறங்கும். எல்லாம் நின்று குரல் மட்டும் தனியே நிற்கும்.

120 வேகத்தில் 32 அடிக்கு 16 விநாடி. ஆதி தாளம் நான்கு சுற்று. சின்ன வயதில் பாட்டு வகுப்பில் தொடையில் தட்டினாயே, அதே தட்டுத்தான். தட்டிக்கொண்டே கேள். ஒரே மாதிரி இருக்கிறது என்று உனக்குப் பட்டதில் 16 விநாடிக்கு ஒரு சம்பவம் இருப்பது தெரியும்.

*

தொடங்க வேண்டிய பாட்டு: 'கேன் யூ ஃபீல் இட்', 1986. மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் செய்தவர் சிகாகோவின் லாரி ஹெர்ட். அடிப்படையில் அவர் டிரம்மர். ஒரு ரோலண்ட் ஜூனோ சிந்தசைசர், ஒரு ரிதம் மெஷின், அவ்வளவுதான் கருவிகள். கீழே நடந்துகொண்டே இருக்கும் ஒரு பேஸ் வரி, மேலே நீண்ட கார்வையாக இரண்டு மூன்று சுரக்கூட்டங்கள். பேச்சுக் குரல் சேர்த்த வடிவங்களும் உண்டு. நீ குரல் இல்லாததையே முதலில் கேள்.

ஆட்டத்துக்கான இசை என்று சொல்லிக்கொண்டு இவ்வளவு அமைதியாக இருக்க முடியுமா என்று முதல் தடவை கேட்டபோது ஆச்சரியப்பட்டேன். விடியற்காலை பனியில் வேப்பம்பட்டு நடைமேடையில் நிற்கும்போது இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை.

*

'ஹவுஸ்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். சிகாகோவில் 1977-ல் 'வேர்ஹவுஸ்' என்று ஒரு நடனக்கூடம் திறந்தார்கள். அங்கே இசைத்தட்டுப் போட நியூயார்க்கிலிருந்து வந்தவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தைச் சேர்ந்த, லத்தீன் அமெரிக்க வம்சாவளியைச் சேர்ந்த தன்பாலீர்ப்பு ஆண்கள். வேறு இடங்களில் தாங்களாக இருந்து ஆட முடியாதவர்கள். அந்தக் கூடத்தில் போட்ட இசை என்று கடைகளில் கேட்டு வாங்கியதில், பெயர் சுருங்கி 'ஹவுஸ்' ஆனது.

அதே ஊரில் 1979 ஜூலை 12 அன்று ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் ஆரவாரித்தது. டிஸ்கோ செத்துவிட்டது என்றார்கள். சில மைல் தள்ளி நக்கிள்ஸ் அதே டிஸ்கோ தட்டுகளைப் போட்டுக்கொண்டே இருந்தார்; பிறகு அவற்றை வெட்டி ஒட்டி நீட்டி, கீழே ரிதம் மெஷினையும் சேர்த்தார். 1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸின் 'ஆன் அண்ட் ஆன்' வெளிவந்தது. தட்டாக அச்சான முதல் ஹவுஸ் பாட்டு என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

வேர்ஹவுஸ் இருந்த தெருவுக்கு 2004-ல் நக்கிள்ஸின் பெயரை வைத்தது சிகாகோ. 2023-ல் அந்தக் கட்டடத்தையே பாதுகாக்க வேண்டிய நினைவிடமாக அறிவித்தது. வெடி வைத்த ஊர்தான் இதையும் செய்தது. நக்கிள்ஸின் குரலற்ற பாட்டு ஒன்று: 'தி விசில் சாங்', 1991. மனசு கனத்திருக்கும் நாளில் கேள்.

*

'மூவ் யுவர் பாடி', 1986, மார்ஷல் ஜெஃபர்சன். ஹவுஸில் பியானோவுக்கு நடுவீட்டில் இடம் போட்ட பாட்டு. செய்தபோது ஜெஃபர்சன் அஞ்சலகத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். பாடிய கர்ட்டிஸ் மெக்லைன் கூட வேலை பார்த்தவர். ஜெஃபர்சனுக்குப் பியானோ வேகமாக வாசிக்க வராது. அதனால் மெதுவாக வாசித்துப் பதிந்து, பிறகு வேகத்தை ஏற்றினார்.

இரவு ஷிஃப்ட் முடித்து அம்பத்தூரிலிருந்து காலை வண்டியில் எதிர்த்திசையில் வருகிறவர்களைப் பார்த்திருப்பாய். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவார்கள். அந்த முகங்களில் ஒன்று வீட்டுக்குப் போய், தூங்காமல், இப்படி ஒரு பாட்டைச் செய்தது என்று நினைத்துக்கொண்டு கேள். பியானோ வரும் இடத்தில் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

*

பாட்டின் முதல் ஒரு நிமிடம் வெறும் தாளமாக இருந்தால் தள்ளிவிடாதே. முன்னால் ஓடும் தட்டின் வாலையும் இந்தத் தட்டின் தலையையும் டிஜே ஒன்றோடொன்று பின்னுவதற்காக விட்ட இடம் அது. கோலத்துக்கு முன்னால் வைக்கும் புள்ளி மாதிரி.

*

தண்டவாளத்தின் 'தடக் தடக்' இப்போது அவ்வளவாக இல்லை. முன்பு தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும், சக்கரம் அதைத் தாண்டும்போதெல்லாம் அடி விழும். இப்போது நீளமாகப் பற்றவைத்துவிட்டார்கள். பாதை பிரியும் இடங்களில் மட்டும் பழைய தாளம் திரும்ப வரும். பேசின் பிரிட்ஜ் நெருங்கும்போது கவனி.

எலக்ட்ரானிக் இசையின் தொடக்கத்திலேயே ரயில் இருக்கிறது. 1948-ல் பாரிஸில் பியர் ஷேஃபர் என்ற வானொலிப் பொறியாளர் ரயில் நிலையத்தில் எஞ்சின், சக்கர ஓசைகளைப் பதிந்து வந்து, அவற்றை மட்டுமே அடுக்கி ஓர் இசைத்துண்டு செய்தார். 1977-ல் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' என்று ஒரு முழு ஆல்பம் போட்டது. அதில் தலைப்புப் பாட்டும் அடுத்து வரும் 'மெட்டல் ஆன் மெட்டல்' துண்டும் சேர்த்துக் கேட்கவேண்டும். ஆவடியில் ஏறும் கூட்டம் அடங்கி, வண்டி அண்ணனூரை நோக்கி வேகம் எடுக்கும் நேரத்தில் போடு.

புதுவகை மின்ரயில் பெட்டி கிளம்பும்போது மோட்டார் படிப்படியாகச் சுருதி ஏறும் அல்லவா? அதைக் கேட்ட காதுக்கு சிந்தசைசர் அந்நியமாக இருக்காது.

*

இரண்டு இயந்திரங்களைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்துடையவை.

டி.ஆர்.-808: ரிதம் மெஷின். 1980-லிருந்து 1983 வரை சுமார் 12,000 மட்டுமே செய்தார்கள். அதன் ஓசையில் வரும் ஒருவகைச் சீறலுக்கு, தரச் சோதனையில் கழித்துப்போட்ட டிரான்சிஸ்டர்களை வாங்கிப் பயன்படுத்தினார்கள். டிரான்சிஸ்டர் செய்யும் முறை மேம்பட்டதும் அப்படிப்பட்ட கழிவு கிடைக்காமல் போய், 808-ம் நின்றுபோனது. நான் வேலை பார்க்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரிஜெக்ட் ஆன பீஸைத் தனி டப்பாவில் போடுவோம். அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் 808 ஞாபகம் வருகிறது.

டி.பி.-303: தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்க்காரருக்கு பேஸ் வாசிக்கும் துணையாக வந்தது. உண்மையான பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவில்லை என்று யாரும் வாங்கவில்லை. 1984-ல் நிறுத்திவிட்டார்கள். பழைய கடைகளில் மலிவாகக் கிடந்த ஒன்றை சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற குழுவைச் சேர்ந்த பையன்கள் வாங்கினார்கள். பாட்டு ஓடும்போதே அதன் குமிழ்களைத் திருகினார்கள். அது குழைந்தது, கீச்சிட்டது, அலறியது. 'ஆசிட் டிராக்ஸ்', 1987. பதினொரு நிமிடத்துக்கு மேல் ஓடும். ஆசிட் ஹவுஸ் என்ற பிரிவே அதிலிருந்துதான் கிளைத்தது.

*

இப்போது நம் நாட்டுக் கதை. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்.

'ஆசிட் டிராக்ஸ்' வருவதற்கு ஐந்து வருடம் முன்னால், 1982-ல், பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக்காரர் அதே 808, அதே 303, கூட ஒரு ஜூபிடர்-8 சிந்தசைசர், மூன்றையும் இணைத்து 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று ஒரு தட்டுப் போட்டார். எச்.எம்.வி. வெளியீடு. ஆர்.டி. பர்மன் போன்றவர்களின் குழுக்களில் வாசித்தவர். பத்து ராகம், பத்துத் துண்டு. தட்டு விற்கவில்லை. மறந்துபோனது. 2010-ல் ஹாலந்தில் மறுபதிப்பாக வந்தபோதுதான் உலகம் திகைத்தது. சிகாகோவுக்கு முன்பே ஆசிட் ஹவுஸா என்று. வயதான காலத்தில் அவர் ஐரோப்பிய மேடைகளில் மறுபடி அதை வாசித்தார். 2015-ல் காலமானார்.

சிகாகோ பையன்கள் இவரைக் கேட்டதில்லை, இவரும் அவர்களை அறிந்ததில்லை. எனக்கு இதில் யார் முதல் என்பது பெரிதில்லை. 303-ல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. மேற்கில் அதை விநோதமான சத்தமாகக் கேட்டார்கள். ராகம் பழகிய ஒருவர் அதில் கமகத்தைக் கண்டார். ஒரே கருவியை இரண்டு காதுகள் திறந்த விதம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

நீ 'பூபாலி'யில் தொடங்கு. நம் மோகனம்தான். அடுத்தது 'மால்கௌன்ஸ்', நம் இந்தோளம். வகுப்பில் பாடிய ராகத்தின் முகம் அந்த டும் டும்முக்கு மேலே தெரியும்போது நீயே சொல், ஒரே மாதிரி இருக்கிறதா என்று.

*

இன்னும் பின்னால் போகலாம். 1969-ல் அகமதாபாத்தில், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரோடு மின்னிசைக் கூடம் அமைத்துக்கொடுத்தார். சில வருடங்கள் அங்கே இந்தியர்கள் செய்த ஒலிநாடாக்கள் பீரோவில் கிடந்தன. 2023-ல் 'தி என்.ஐ.டி. டேப்ஸ்' என்று வெளிவந்தன. அதில் எஸ்.சி. சர்மாவின் துண்டுகளுக்கு 'டான்ஸ் மியூசிக்' என்றே தலைப்பு. ஆடச் சொன்னால் கொஞ்சம் கஷ்டம். ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

*

போன் ஸ்பீக்கரில் கேட்காதே. கெஞ்சிக் கேட்கிறேன். கிக் டிரம்மின் உயிர் இருப்பது 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம். போனின் குட்டி ஸ்பீக்கருக்கு அவ்வளவு ஆழம் எட்டாது. நீ கேட்பது கிக்கின் மேல்தோல் மட்டும்.

பெரியப்பா மைக்செட் வைத்திருந்த காலத்தில் லீவு நாட்களில் அவரோடு போவேன். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் ஊற்றுதல். கூம்பு ஸ்பீக்கரை மரத்தில் கட்டுவார், பாக்ஸைத் தரையில் வைப்பார். "கூம்பு ஊருக்கு, பாக்ஸ் நெஞ்சுக்கு" என்பார். பாக்ஸுக்கு முன்னால் என்னை நிறுத்தி, பாட்டைப் போட்டு, "படுதா?" என்று கேட்பார். படும். சட்டைத்துணி அதிரும். அவர் கேட்டது இளையராஜா, தேவா. ஹவுஸ் என்ற சொல்லையே கேள்விப்படாதவர். அடியைக் காதில் கேட்பதற்கு முன் உடம்பில் வாங்கவேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். இரவு பத்து மணிக்குப் பாக்ஸை அணைத்துவிடுவார். யார் கெஞ்சினாலும் சரி. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும் என்பார்.

*

நம் ஆட்களுக்கு ஹவுஸ் ஏன் சட்டென்று ஒட்டுவதில்லை என்று நிறைய யோசித்திருக்கிறேன். தப்பாங்குத்தின் ஓட்டம் பெரும்பாலும் மூன்றில் இருக்கிறது, திஸ்ர நடை. ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று சின்ன அடி. இடுப்பு தானாக அசைவது அந்த மூன்றால். ஹவுஸ் அடிக்குள் நாலாகப் பிரியும். மூன்றுக்குப் பழகிய உடம்பு நாலில் முதலில் விறைத்து நிற்கும்.

அதற்கு ஒரு வழி உண்டு. லண்டனில் 1990-களில் வளர்ந்த கராஜ் இசையில் நாலை நாலாக வைக்காமல் சற்றே சாய்த்து வைப்பார்கள், மூன்றின் பக்கமாக. எம்.ஜே. கோலின் 'சின்சியர்', 1998, கேள். தோள் தானாக ஆடும். அந்தச் சாய்வுக்குப் பழகிய பிறகு நேரான ஹவுஸுக்கு வா.

*

வீட்டுக்குள்ளேயே இருப்பவை:

'புன்னகை மன்னன்', 1986, இளையராஜாவின் தீம் இசை. கணினி சீக்வென்ஸர் தமிழ் சினிமாவுக்குள் வந்த நேரம். பாட்டுகளுக்காகக் கேட்டுப் பழகிய படம் இது. இந்த முறை வார்த்தை இல்லாத பகுதிகளில் இயந்திரத்தின் சீரான ஓட்டத்தை மட்டும் பின்தொடர்ந்து போ. சிகாகோவில் லாரி ஹெர்ட் உட்கார்ந்திருந்த அதே வருடம்.

'திருடா திருடா', 1993, ஏ.ஆர். ரஹ்மான். அனுபமா பாடிய 'கொஞ்சம் நிலவு'. முப்பது வருடம் தாண்டியும் அந்த ஒலிக்கு வயதாகவில்லை.

'ஆய்த எழுத்து', 2004, 'யாக்கை திரி'. வைரமுத்துவின் சொற்கள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று எழுத்தில் நிற்கின்றன. சொல்லே தாளக் கருவியாக ஆகிவிட்டது. நடனக்கூட இசைக்குத் தமிழ் இவ்வளவு பொருந்தும் என்று எனக்குக் காட்டிய பாட்டு.

*

ஆடி ஞாயிறு. சாலையில் அம்மன் ஊர்வலம். உறுமிக்காரர் ஒரு பக்கத்தைக் குச்சியால் அடித்து, மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்த்துக்கொண்டு போனார். தேய்ப்பில் எழும் அந்த முனகல் ஏறி இறங்கி வழுக்கியது. நின்று கேட்டேன். 303 வழுக்குவதும் இப்படித்தான். மின்சாரம் இல்லாமல், தோலில்.

இதைக் காதில் வைத்துக்கொண்டு எம்.ஐ.ஏ.யின் 'பேர்ட் ஃப்ளூ' கேள், 2006. மாதங்கி அருள்பிரகாசம், லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் மறுபடி லண்டன் போய்ச் சேர்ந்தவர். தொடக்கப் பாட்டுகளை ரோலண்ட் எம்.சி.-505 என்ற ஒற்றைப் பெட்டியில் செய்தவர். இந்தப் பாட்டுக்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளத்தைப் பதிந்துகொண்டு போனார். கூட இருந்து செய்தவர் ஸ்விட்ச் என்ற ஆங்கில ஹவுஸ் தயாரிப்பாளர். நம் தெருவில் போன மேளம் உலகத்தின் நடனக்கூடங்களுக்குள் போனது. முதல் பத்து விநாடியிலேயே உனக்கு ஊர் அடையாளம் தெரியும்.

*

அவசரத்தில் எழுதிய சீட்டு, நோட்டில் ஒட்டிக்கொள்:

எழுந்ததும்: ஃபோர் டெட், 'மார்னிங்/ஈவினிங்', 2015. இரண்டே துண்டு, ஒவ்வொன்றும் 20 நிமிடம். காலைத் துண்டில் லதா மங்கேஷ்கரின் குரல், 1983-ல் வந்த ஓர் இந்திப் படப் பாட்டிலிருந்து. பாட்டிக்கும் போட்டுக் காட்டு.

அழுக்கான வேலை செய்யும்போது: டோனா சம்மர், 'ஐ ஃபீல் லவ்', 1977. ஜார்ஜியோ மொரோடரின் சிந்தசைசர் பேஸ். இதில்லாமல் மற்ற எதுவும் இல்லை.

தேர்வு முடிந்த மத்தியானம்: இன்னர் சிட்டி, 'குட் லைஃப்', 1988. பாரிஸ் கிரே பாடுகிறார். டெட்ராய்ட் ஊரில் கார் ஆலைகள் மூடிக்கொண்டிருந்த காலத்தில் வந்த சந்தோஷம்.

தைரியம் வேண்டிய நாள்: டெரிக் மே, 'ஸ்டிரிங்ஸ் ஆஃப் லைஃப்', 1987. பேஸ் வரியே கிடையாது. தேடிப் பார். இல்லாமலே எப்படி நிற்கிறது என்று யோசி.

சும்மா இருக்கும்போது: ஸ்டார்டஸ்ட், 'மியூசிக் சவுண்ட்ஸ் பெட்டர் வித் யூ', 1998. பழைய பாட்டிலிருந்து எடுத்த ஒரு சின்ன கிட்டார்த் துண்டு, திரும்பத் திரும்ப. எத்தனை முறை கேட்டாலும் எனக்குப் போதவில்லை.

*

ஒரே மாதிரி இருப்பதில் என்ன கேட்கிறீர்கள் என்று கேட்டாய். இருபது வருடமாக நான் ஒரே பாதையில் போகிறேன். நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்து காலேஜ், ஆவடி. ஒரு நாள் ஏரியில் நீர் ஏறியிருக்கும். ஒரு நாள் எப்போதும் அதே ஜன்னலில் உட்காரும் பெரியவர் இருக்கமாட்டார். பாதை மாறாமல் இருப்பதால்தான் அவை கண்ணில் படுகின்றன. அந்தக் கண்ணை எனக்குக் கொஞ்சம் இந்த இசைதான் கொடுத்தது.

*

இன்று காலை. கேட்காமலே இயர்போனின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டாள். 'கேன் யூ ஃபீல் இட்' போட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விரல் மட்டும் பைமேல் தட்டிக்கொண்டிருந்தது. திருநின்றவூர் போனது. நெமிலிச்சேரி போனது. பட்டாபிராம் தாண்டியதும் விரல் நின்றது.

"மாமா, இப்ப ஒண்ணு வெளிய போச்சு. என்ன அது?"

"ஹை-ஹாட்," என்றேன்.

"திரும்ப வருமா?"

"எண்ணிப் பாரு."